கட்டுரை நிறைஞ்ச சைட் கட்டுறீங்களா, இந்தப் பிழையள விடாதீங்க

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் இப்ப நிறையப் பொடியனுகளும் பிள்ளையளும் வெப் படிச்சிட்டு நியூஸ் சைட், பாஸ்ட் பேப்பர் சைட் எண்டு கட்டுறாங்க, பார்க்கச் சந்தோசம்தான், ஆனா நாங்க பழகின காலத்துல விட்ட அதே பிழையள்தான் திரும்பவும் வருது. படத்தச் சுருக்கு, கேஷ் போடு எண்டதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான், அத விடுவம்.

எழுத்த ஜாவாஸ்கிரிப்டுக்குள்ள பூட்டி வைக்கிறது

எனக்கு இன்னும் கோவம் வாறது இதுக்குத்தான். கிட்டடியில ஒரு தம்பி தான் கட்டின நியூஸ் சைட்டக் காட்டினார். அவர்ட லேப்டாப்ல ஃபைபர்ல பளிச்செண்டு திறந்திச்சு. அதே லிங்க வவுணதீவுப் பக்கம் நிண்டு ஒரு பழைய ஆண்ட்ராய்ட் ஃபோன்ல திறந்தா வெள்ளைப் பக்கம், மறுகா ஒரு வட்டம் சுத்துது, சுத்திக்கிட்டே இரிக்கு. சோர்ஸத் திறந்து பார்த்தா உள்ளுக்கு ஒண்டுமில்லாத டிவ் டேக் ஒண்டு, கீழ ஸ்கிரிப்ட் ஒண்டு, செய்தியில ஒரு எழுத்துக் கூட இல்ல.

முதல்ல அந்த வெறும் எச்டிஎம்எல் வரணும், பிறகு ஜாவாஸ்கிரிப்ட் இறங்கணும், அத அந்த ஃபோன் ஓட்டணும், அதுக்குப் பிறகுதான் ஏபிஐக்கு, அதாவது சேர்வர்ல டேட்டா குடுக்கிற வாசலுக்குப் போய்ச் செய்தியக் கேக்குது, செய்தி வந்தாத்தான் படம் எங்க இரிக்கெண்டே பிரவுசருக்குத் தெரியும். ஒண்டு முடியாம மற்றது தொடங்காது. செய்தி எச்டிஎம்எல்லுக்குள்ளயே இருந்தா பிரவுசர் படத்த முன்னுக்கே கண்டு இறக்கத் தொடங்கியிரிக்கும். திரையில ஆகப் பெரிய துண்டு, படமோ எழுத்தோ, 2.5 செக்கனுக்குள்ள தெரியணும் எண்டு கூகுள் சொல்லுது, அந்த அளவுக்குப் பேர்தான் எல்சிபி, இந்த ஒழுங்குல அது எப்பிடி நடக்கும்?

போட்ட செய்தி பெரும்பாலும் மாறுறதில்லத்தானே, அப்ப பப்ளிஷ் பண்ணேக்கயே எச்டிஎம்எல்லாக் கட்டி சிடிஎன்ல (வாசிக்கிற ஆளுக்குக் கிட்ட இரிக்கிற சேர்வர்ல இருந்து பக்கத்தக் குடுக்கிற நெட்வர்க்) வையுங்க, இல்லாட்டி சேர்வர்ல ரெண்டர் பண்ணுங்க, அதாவது கேக்கேக்க அங்கயே பக்கத்தக் கட்டி அனுப்புங்க. ரியாக்ட் மாதிரி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி வேணாமெண்டு சொல்லல்ல, தேடுற பெட்டி, கமெண்ட் மாதிரி இடங்கள்ல மட்டும் அது ஓடட்டும்.

சேர்வர்ல ரெண்டர் பண்ணினாலும் ஒண்டக் கவனிங்க, ஹைட்ரேஷனுக்கெண்டு (வந்த எச்டிஎம்எல்லோட ஜாவாஸ்கிரிப்டக் கோக்கிறது) அதே கட்டுரை பெரும்பாலும் முழுக்க ஜேசன் எண்ட டேட்டா வடிவத்துல அடியில இன்னொருக்காப் போகும். 'கு' எண்டுறது யுனிகோட்ல ரெண்டு குறி, யூடிஎஃப் 8ல 6 பைட். பிஎச்பிட ஜேசன் என்கோட சும்மா விட்டா அதுவே எஸ்கேப் ஆகி, அதாவது ஒவ்வொரு குறியும் \u0b95 மாதிரி ஆறு எழுத்தாகி, 12 பைட். ஜிசிப் சுருக்கித்தான் அனுப்பும், ஆனா விரிச்சு முழுக்க வாசிக்கிறது அந்தப் பாவப்பட்ட ஃபோன்தான்.

முதல் படத்துக்கு லேசி லோடிங்

லேசி லோடிங் எண்டா படம் திரைக்குக் கிட்ட வரேக்கதான் இறக்கிறது, முதல் படத்துக்கு அதப் போடாதீங்க. கீழ வாற படங்களுக்கு மட்டும்.

படத்துக்கு அகலம், உயரம் குடுக்காம விடுறது

படம் பிந்தி வந்து இடத்தப் பிடிக்க, வாசிக்கேக்க வரி கீழ குதிக்கும்.

தமிழ் ஃபொண்ட்

மெல்லிசு, தடிப்பு எண்டு எல்லா வெயிட்டையும் ஏத்தாதீங்க, ரெண்டு காணும், வோஃப்2 எண்ட சுருக்கின ஃபொண்ட் ஃபைலா. சைஸக் குறைக்கிறதெண்டு கண்டபாட்டுக்கு வெட்டினா எழுத்துச் சேர்ற விதி போயிரும், கு, மூ எல்லாம் உடைஞ்சு நிக்கும்.

சொந்த லேப்டாப்ல மட்டும் பார்க்கிறது

குரோம் டெவ்டூல்ஸ்ல நெட்வர்க்கையும் சிபியுவையும் குறைச்சு ஓட்டிப் பாருங்க. கஸ்டமருக்குக் காட்ட முதல் ஜாவாஸ்கிரிப்ட ஓஃப் பண்ணி ஒருக்காப் பக்கத்தத் திறங்க, செய்தி வாசிக்க ஏலாட்டி அதக் குடுக்காதீங்க.