கார்டு வந்தாச்சு, அப்புறம்?

ஜூன் மாத மழையில், கூடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா என் குடைக்குள் புகுந்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிவைத்திருந்த தன் பிள்ளையின் யுடிஐடி கார்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் அடையாள அட்டையை, எடுத்துக் காட்டினார். "வந்துடுச்சு டீச்சர். இனி ஸ்கூல்லயே எல்லாம் பாத்துக்குவாங்கல்ல?" தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாள் கூலியை விட்டு, ஊட்டிக்கு அலைந்து வாங்கிய கார்டு. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போகிற சிறப்பாசிரியை நான். இந்த மலையில் அடிக்கடி பார்க்கிற தவறு இதுதான்: கார்டோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. என்ன குறைபாடு, எத்தனை சதவீதம் என்று கார்டு சொல்லும். பிள்ளை எந்த இடத்தில் உட்கார்ந்தால் காது கேட்கும், ஒரு பக்கம் எழுத எத்தனை நிமிடம் ஆகும் என்று அதில் இருக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 16ஆவது பிரிவு இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் பள்ளியிடம் கேட்கிறது. பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், அந்தந்தப் பிள்ளைக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்ய வேண்டும், தனித்தனியாக ஆதரவு தர வேண்டும் என்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும்.

அடுத்த தவறு, குறைபாடு 40 சதவீதம் இருந்தால்தான் எதுவும் கிடைக்கும் என்று நினைப்பது. "முப்பதுதான் போட்டுட்டாங்க, ஒண்ணும் கிடைக்காது" என்று சான்றிதழை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, இலவசப் புத்தகம், உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு ஆகியவற்றுக்கு 40 வேண்டும், சரி. வகுப்பறையில் செய்ய வேண்டிய மாற்றங்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. தேர்வில் எழுதித் தருபவரைக் கேட்க 40 சதவீதம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2021இல் விகாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது.

இப்போது என் தவறு ஒன்று. தேவாலா பக்கம் ஒரு பள்ளியில் காது கேட்கும் கருவி போட்ட பையன். அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கிற தனிநபர் கல்வித் திட்டத்தில் "முன் வரிசையில் அமர்த்த வேண்டும்" என்று எழுதிவிட்டு வந்தேன். காது கேளாத பிள்ளை என்றாலே கை தானாக எழுதுகிற வரி அது. ஜூலையில் போனால், பையன் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். "அடம் பிடிக்கிறான்" என்றார் வகுப்பாசிரியர். ஐந்து நிமிடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மேலே தகரக் கூரை. தேவாலா மழை எப்படி என்று நீலகிரியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தகரத்தில் அடிக்கிற அந்தச் சத்தம் முழுவதையும் கருவி பெரிதாக்கி அவன் காதுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. ஆசிரியரின் குரல் அதில் எங்கே கேட்கும்?

திட்டத்தைத் திருத்தினோம். மழை வலுத்தால் அவனுடைய வகுப்பு கான்கிரீட் கூரை உள்ள அறைக்கு மாற வேண்டும். பாடத்தின் முக்கியமான வரிகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அவன் பக்கம் திரும்பி நின்று பேச வேண்டும். ராத்திரி கருவியை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும், அது அம்மாவின் வேலை. யார் செய்வது, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது என்றும் எழுதினோம். "ஊக்கப்படுத்த வேண்டும்", "தனிக் கவனம் செலுத்த வேண்டும்" போன்ற வரிகள் உங்கள் பிள்ளையின் திட்டத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அவை எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். ஆகவே எந்தப் பிள்ளைக்கும் உதவாது.

பழங்குடிப் பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. வீட்டில் பணியர் மொழி மட்டுமே பேசும் குழந்தையிடம் தமிழில் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்றதும் "அறிவுசார் குறைபாடு இருக்கலாம்" என்று குறிப்பு எழுதுகிறார்கள். பாட்டியைக் கூப்பிட்டு, அதே படத்தை அவர் மொழியில் கேட்கச் சொல்லுங்கள். குழந்தை வாய் ஓயாமல் பேசும். இதற்கு நேர்மாறாக, "அந்தப் பிள்ளைங்க அப்படித்தான், பேசாது" என்று விட்டுவிடுவதும் உண்டு. கடைசியில் பார்த்தால் காதில் மாதக்கணக்காகச் சீழ் வடிந்திருக்கும்.

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகிற பரம்பரை நோயான அரிவாள் செல் நோயைக் குறைபாட்டுக் கணக்கிலேயே பலர் சேர்ப்பதில்லை. இந்தியாவில் இந்த அரிவாள் செல் முதலில் கண்டறியப்பட்டதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952இல். சட்டம் சொல்லும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குளிர் ஏறினாலோ உடம்பில் நீர் குறைந்தாலோ எலும்புக்குள் வலி பிடித்துக்கொள்ளும். அந்தப் பிள்ளையைப் பனியில் காலைப் பிரார்த்தனைக்கு நிற்க வைத்து, தண்ணீர் குடிக்கப் போனால் திட்டி, வராத நாளுக்குச் சோம்பேறிப் பட்டமும் கொடுத்தால் அது எப்படிப் படிக்கும்? தண்ணீர் பாட்டில், கேட்டவுடன் கழிப்பறைக்குப் போக அனுமதி, ஸ்வெட்டர், விட்ட பாடத்துக்கு நோட்டு. இதில் செலவு என்று ஒன்றுமே இல்லை.

"வீட்டிலேயே இருக்கட்டும், வாரம் ஒரு நாள் ஆள் அனுப்புகிறோம்" என்பதற்குச் சட்டென்று தலையாட்டாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தப்படி, கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளை வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கு, பள்ளிக்கு அல்ல. நம் ஊரில் பாதி நேரம் உண்மையான காரணம் குறைபாடே இல்லை, தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுகிற எண்பது படிக்கட்டு. போக்குவரத்து வசதியும் 16ஆவது பிரிவிலேயே இருக்கிறது. கேளுங்கள்.

பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகையை மார்ச் மாதம் வந்து கேட்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு எல்லாவற்றுக்கும் தலைமையாசிரியர் வழியாக முன்பே விண்ணப்பம் போக வேண்டும். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். அனுமதி வந்தால் மட்டும் போதாது. ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவது ஒரு பழக்கம். "அடுத்த பத்தி", "அங்கே கோடு போடுங்க" என்று சொல்லத் தெரியாமல் தேர்வு அறையில் திணறி, கிடைத்த கூடுதல் நேரத்தை அழுது தீர்த்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அரையாண்டிலேயே பழக்கியிருக்க வேண்டும்.

கடைசியாக, வாய்ப்பேச்சு. மலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அதனால் எழுதிக் கேட்கக் கூச்சம். "சார் பாத்துக்கறேன்னு சொன்னாரு." சார் ஜூனில் மாறுதலாகிப் போய்விடுவார். அரைப் பக்கத்தில் ஒரு மனு எழுதி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சண்டைக்குப் போவதாக யாராவது நினைத்தால் நினைக்கட்டும். பள்ளியில் நகரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், திங்கட்கிழமை ஊட்டியில் கலெக்டரின் குறைதீர்க்கும் நாள், அதற்கு மேல் மாநில ஆணையர். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், நடுவட்டத்தில் மரம் விழுந்தால் அன்றைய நாள் போச்சு. முதல் மனுவைத் தபாலில் அனுப்பி, ரசீதை அந்தக் கார்டு வைத்திருக்கிற பிளாஸ்டிக் கவரிலேயே போட்டு வையுங்கள்.