வாழைப்பழத் தோலின் கரும்புள்ளியை போட்டோவில் அளப்பது எப்படி?

போன் கேமரா, கம்ப்யூட்டர், ஒரு பூவன் பழம், இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள். இவ்வளவு போதும், கோடிங் வேண்டாம். இமேஜ்ஜே அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் உருவானது. ஆய்வகங்களில் நுண்ணோக்கிப் படங்களை அளக்க இன்றும் பயன்படுகிறது.

1. வெளிச்சம். அதிக நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். பழம் உருண்டை, ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் மறுபக்கம் நிழல் கட்டும். கம்ப்யூட்டருக்கு நிழலும் கறுப்பு, கன்றிய இடமும் கறுப்பு. நான் எடுத்த முதல் படத்தில், புள்ளியே இல்லாத பழத்தின் அடிப்பக்கம் நீளமாக ஒரு பட்டை முழுக்கக் கெட்டுப்போனதாகக் காட்டியது. நேர்வெயில் படாத ஜன்னலோரம் வெள்ளைத் தாளை விரித்து அதில் பழத்தை வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு வெள்ளைத் தாளை நிமிர்த்தி வைத்தால் நிழல் தணியும். பிளாஷ் வேண்டாம், அதன் பளபளப்பு புள்ளிகளை மறைத்துவிடும். திரையை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை, லாக் செய்யுங்கள். தினமும் அதே இடம், அதே உயரம், அதே நேரம்.

2. நிறம் பிரித்தல். படத்தைத் திறந்து இமேஜ், கலர், ஸ்ப்ளிட் சேனல்ஸ் என்று போங்கள். சாம்பல் நிறத்தில் மூன்று படங்கள் வரும். பச்சைக்குரியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தோலும் பச்சைத் தோலும் அதில் வெளுப்பாகத் தெரியும், பழுப்புப் புள்ளி மட்டும் இருண்டு நிற்கும்.

3. எல்லை. பாலிகன் கருவியால் பழத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். காம்பையும் நுனியையும் விட்டுவிடுங்கள், அவை எப்போதும் கறுப்புதான்.

4. திரெஷோல்டு, அதாவது எவ்வளவு இருண்டால் புள்ளி என்று கணக்கிடும் வரம்பு. இமேஜ், அட்ஜஸ்ட், திரெஷோல்டு. மேல் ஸ்லைடரை 0-வில் வைத்து, புள்ளிகள் மட்டும் சிவக்கும்வரை கீழ் ஸ்லைடரை நகர்த்துங்கள். அப்ளை அழுத்த வேண்டாம். அந்த எண்ணைக் குறித்துவைத்து தினமும் அதையே போடுங்கள். கண்ணுக்குச் சரியாகத் தோன்றும்படி ஒவ்வொரு நாளும் மாற்றினால் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடியாது.

5. அளவு. அனலைஸ், செட் மெஷர்மென்ட்ஸ், அங்கே ஏரியா ஃப்ராக்‌ஷனை டிக் செய்யுங்கள். அப்புறம் மெஷர். தோலில் எத்தனை சதவீதம் கறுத்திருக்கிறது என்று வந்துவிடும். தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

சரி, 20 சதவீதம் வந்தால் தூக்கிப் போடலாமா? கூடாது! தோலில் உள்ள ஃபீனால் பொருட்கள் நொதியோடும் ஆக்சிஜனோடும் சேர்வதால் வருவது அந்தப் பழுப்பு. உள்ளே பழம் நல்ல இனிப்போடு இருக்கலாம். இந்த எண் பழம் எவ்வளவு கனிந்திருக்கிறது என்று காட்டும், அழுகிவிட்டதா என்று சொல்லாது. பூஞ்சை படர்ந்தாலோ, நீர் கசிந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ அளக்கவே வேண்டாம்.

ஃபிரிட்ஜில் வைத்த பழத்தை இதே கணக்கில் சேர்க்காதீர்கள். குளிரால் தோல் சீக்கிரம் கறுக்கும், சதை நன்றாகவே இருக்கும். செவ்வாழைக்கு இரண்டாம் படியில் சிவப்புக்குரிய படத்தை எடுங்கள். பச்சைக்குரியதில் அதன் தோல் முழுக்கவே இருட்டாகத்தான் தெரியும்.