அமெரிக்க உணவகங்களில் தள்ளுபடி கார்டும் டிப்ஸும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சாப்பிடப் போகும் நம்மவர்கள் பலருக்குத் தள்ளுபடி கார்டையோ கூப்பனையோ நீட்டக் கூச்சம். சர்வர் முகம் சுளிப்பாரோ என்ற தயக்கம். கூச்சப்பட ஒன்றுமில்லை. தள்ளுபடி கொடுப்பது முதலாளி, கூட்டம் வரட்டும் என்றுதான் கொடுக்கிறார். சர்வருக்கு எரிச்சல் வருவது இரண்டே இடத்தில்: கார்டைக் கடைசி நிமிடத்தில் நீட்டும்போதும், குறைந்த பில்லுக்குக் கணக்குப் போட்டு டிப்ஸ் வைக்கும்போதும்.

டிப்ஸ் அங்கே ஏன் இத்தனை பெரிய விஷயம்? டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அது ஏறவே இல்லை. டிப்ஸையும் சேர்த்து, குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் தேறாவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களில் இன்றும் இதுதான் நிலை. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் மட்டும் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது. அங்கேயும் டிப்ஸ் வழக்கம் மாறிவிடவில்லை. நம்மூர் ஹோட்டலில் சோம்புத் தட்டில் மீதிச் சில்லறையை விட்டுவிட்டு எழுந்து வருவதோடு இதை ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

தள்ளுபடி போன பில்லுக்கு டிப்ஸ் வைப்பது

இதுதான் தலையாய தவறு. வரி சேர்க்காமல் 80 டாலருக்குச் சாப்பிட்டீர்கள், கார்டில் 25 சதவீதம் தள்ளுபடி, பில் 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத டிப்ஸ் 80 டாலருக்கு 14.40, 60 டாலருக்கு 10.80. 'மூன்றரை டாலர்தானே' என்று தோன்றும். ஆனால் அந்த டிப்ஸ் முழுவதும் சர்வருக்கு இல்லை. பல உணவகங்களில் சர்வர் தன் மேசைகளின் விற்பனையில் ஒரு பங்கைக் கணக்கிட்டு, மேசை துடைப்பவருக்கும் பாரில் பானம் கலப்பவருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பங்கு 4 சதவீதம், அதுவும் தள்ளுபடிக்கு முந்தைய விற்பனைக்கு என்றால் 3.20 டாலர் போய்விடும். கையில் நிற்பது 11.20க்குப் பதில் 7.60. தட்டு சுமந்ததும் தண்ணீர் ஊற்றியதும் 80 டாலர் சாப்பாட்டுக்கு. டிப்ஸே வைக்காமல் எழுந்தால், அந்த 3.20 மற்ற மேசைகளில் கிடைத்ததிலிருந்து போகும்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற கூப்பனில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. பிறந்தநாளுக்கு இலவசச் சாப்பாடு என்று பில் பூஜ்யமாகவே வந்தாலும், மெனுவில் உள்ள விலையைப் பார்த்துத்தான் டிப்ஸ் வைக்க வேண்டும்.

கிஃப்ட் கார்டு தள்ளுபடியே அல்ல, யாரோ முன்கூட்டிக் கட்டிய பணம். 62 டாலர் பில்லில் 50 டாலர் கிஃப்ட் கார்டில் கழிந்ததும், மிச்சம் 12 டாலருக்கு 20 சதவீதம் என்று 2.40 வைப்பவர்கள் இருக்கிறார்கள். 62க்கு 12.40 வைத்திருக்க வேண்டும்.

குறுக்குவழிக் கணக்கு

நியூயார்க் நகரில் விற்பனை வரி 8.875 சதவீதம். வரியை இரட்டித்து டிப்ஸ் வைத்தால் 17.75 சதவீதம் வரும். எளிய வழிதான், தள்ளுபடி இல்லாத நாளில். உணவகமே தரும் தள்ளுபடி என்றால் வரி பொதுவாகக் குறைந்த தொகைக்குத்தான் விழும். மேலே சொன்ன 80 டாலர் சாப்பாட்டு பில்லில் வரி 7.10 ஆக இருந்திருக்க வேண்டியது 5.33 ஆகிவிடும். இரட்டித்தால் நீங்கள் அறியாமலே பழைய தவறுதான்.

பில்லின் அடியில் அச்சாகும் 18, 20, 22 சதவீத யோசனைத் தொகைகளையும் அப்படியே நம்ப வேண்டாம். சில இயந்திரங்கள் தள்ளுபடிக்கு முன்பும், சில பின்பும், சில வரியையும் சேர்த்தும் கணக்கிடுகின்றன. தள்ளுபடி கழிவதற்கு மேலே இருக்கும் கூட்டுத்தொகையை எடுத்துக்கொண்டு கைபேசியில் பெருக்கிக்கொள்வது நல்லது.

கார்டைக் கடைசியில் நீட்டுவது

ஆர்டர் சொல்லும் முன்பே கார்டைக் காட்டிவிடுங்கள். பல உணவகங்களில் தள்ளுபடியைக் கணினியில் ஏற்ற மேனேஜரின் அனுமதி எண் வேண்டும். பில் அச்சான பிறகு சொன்னால், மேனேஜரைத் தேடிப் பிடித்து, பில்லைத் திறந்து, மறுபடி அடிக்க வேண்டும். அதற்குள் சமையலறையில் வேறு மேசையின் தட்டு ஆறிக்கொண்டிருக்கும். கிரெடிட் கார்டைத் தேய்த்த பிறகு சொன்னால் இன்னும் மோசம். பழைய பரிவர்த்தனையை ரத்து செய்தாலும் அந்தத் தொகை உங்கள் கணக்கில் சில நாள் முடங்கிக் கிடக்கலாம்.

முன்பே சொன்னால் நிபந்தனைகளும் தெரிந்துவிடும். மதுவுக்குச் செல்லாது, ஒரு மேசைக்கு ஒன்றுதான், இன்னொரு சலுகையோடு சேராது, அன்னையர் தினத்தன்று கிடையாது என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நான்கு பேர் தனித்தனி பில் கேட்டு நான்கு கூப்பன் நீட்டும் உத்தி பெரும்பாலும் செல்லுபடியாகாது. அந்த வாக்குவாதத்தைச் சர்வரோடு நடத்திப் பயனில்லை, விதியை எழுதியவர் அவர் அல்ல.

இரண்டு முறை கொடுப்பது

இது எதிர்ப்பக்கத் தவறு. ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் போனால் 18 அல்லது 20 சதவீதத்தைத் தாங்களே பில்லில் சேர்த்துவிடும் உணவகங்கள் உண்டு. கூப்பன் மேசைக்கு ஆள் கணக்குப் பார்க்காமல் சேர்ப்பவர்களும் உண்டு. 'கிராஜுவிட்டி' (அங்கே டிப்ஸுக்கு இன்னொரு பெயர்) என்றோ 'சர்வீஸ் சார்ஜ்' என்றோ ஒரு தொகை சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள். சர்வீஸ் சார்ஜ் உணவகத்துக்கே போகலாம், சர்வருக்கும் போகலாம். "இது உங்களுக்குத்தானே வருகிறது?" என்று கேட்பதில் தப்பில்லை.

பில்லைக் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு டிப்ஸை ரொக்கமாக வைப்பதானால், சீட்டில் டிப்ஸ் கட்டத்தை வெறுமையாக விடாமல் 'கேஷ்' என்று எழுதி, மொத்தத்தையும் நிரப்பிக் கையெழுத்திடுங்கள்.

இந்திய உணவகங்களின் மதிய பஃபேயில் நாமே எடுத்துப் போட்டுக்கொண்டாலும், தட்டெடுக்கவும் தண்ணீர் ஊற்றவும் ஆள் வருகிறார். சுமார் 10 சதவீதம் வைப்பது வழக்கம், அதுவும் கூப்பனுக்கு முந்தைய விலைக்கு. கவுன்டரில் பொட்டலம் வாங்கிப் போகும்போது திரையைத் திருப்பி டிப்ஸ் கேட்டால், 'வேண்டாம்' பொத்தானை அழுத்தத் தயங்க வேண்டியதில்லை.