ஆசை விட்டுப்போன பிறகு கைப்பேசியைப் பார்த்துக்கொள்வது எப்படி

1990களில் சம்பளம் வந்த சனிக்கிழமை நேரே சிங்கப்பூரின் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்விடுவேன். மாடி மாடியாக ஏறி நாலு கடையில் கணினிக்கான ரேம் (நினைவகச் சில்லு) விலை விசாரித்து ஐந்தாவது கடையில் வாங்குவேன். இப்போது வயது 68. புதுக் கைப்பேசி வந்திருக்கிறது என்று மகன் சொன்னால் “சரிப்பா” என்பதோடு பேச்சு முடிகிறது.

கோபோல் என்ற பழைய கணினி மொழியில் நிரல் எழுதி ஓய்வுபெற்றவன் இப்படி ஆகிவிட்டேனே என்று ரொம்ப நாள் வருத்தப்பட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் அறையில் படிந்த பழக்கங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றை வைத்தே சமாளிக்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். நீங்கள் இல்லாமல் முடியாது என்கிற செயலிகளை மட்டும் எழுதுங்கள். என் பட்டியலில் நான்குதான்: சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின் அடையாளம்), வங்கி, வாட்ஸ்அப், பேருந்து நேரம். மற்றதைக் கற்காவிட்டால் குறை ஒன்றுமில்லை.

1999இல், ஆண்டுக்கு இரண்டே இலக்கம் வைத்திருந்த நிரல்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். 2000 பிறந்து 00 வந்தால் கணினி அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு வரி மாற்றினாலும் தேதி, பழைய வரி, புது வரி எல்லாம் எழுதி வைப்போம். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யமாட்டோம். கெட்டால் எதனால் கெட்டது என்று தெரியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் தொடமாட்டோம்.

கைப்பேசிக்கும் அதேதான். அப்டேட் வந்தால், வெளியே போகாத ஒரு காலையில், சார்ஜ் நிறைய ஏற்றி, படங்களைப் பிரதியெடுத்துவிட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் அந்த நான்கு செயலிகளையும் திறந்து பாருங்கள். இடம் மாறியதை எழுதுங்கள். என் நோட்டில் போன மாதம்: ‘செவ்வாய். அழைப்புப் பொத்தான் கீழே போய்விட்டது.’

பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் வாரக்கணக்கில் தள்ளாதீர்கள். ஓட்டையை அடைக்கும் அப்டேட் வெளிவந்ததும் ஓட்டை எங்கே என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். உங்கள் கைப்பேசிக்கு அது வருவது நின்றுவிட்டால், விலை குறைந்ததாயினும் வேறு வாங்கிவிடுங்கள்.

புதியதற்கு மாறும்போது பழையதை உடனே அழித்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் அறையில் புது முறையும் பழைய முறையும் ஒரு மாதம் சேர்ந்து ஓடி, கணக்கு ஒத்துப்போன பிறகே நாங்கள் பழையதை நிறுத்துவோம். பணம் அனுப்ப ஒப்புதல் தரும் வங்கியின் டிஜிட்டல் டோக்கன் பொதுவாக ஒரு கைப்பேசியில்தான் இருக்கும் என்பதால் அதைக் கடைசியாக மாற்றுங்கள்.

சேமிப்பின் பெரும்பகுதியை வங்கியின் ‘மணி லாக்’கில் பூட்டி வையுங்கள். திறக்கப் பெரும்பாலும் நேரில் போக வேண்டும். அந்தச் சிரமம்தான் பாதுகாப்பு. சந்தேகமான அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு மோசடி உதவி எண்ணான 1799க்குப் பேசுங்கள்.

பழையதே போதும் என்று சொல்லவும் தயங்காதீர்கள். 2024 ஜனவரியில், சலுகைக் கட்டணம் இல்லாத வயதுவந்தோருக்கான பழைய பேருந்து, ரயில் பயண அட்டை முறை நிற்கப்போவதாக அறிவித்தார்கள். அதற்குப் பதிலாக வரவிருந்த சிம்பிளிகோ முறையில் கட்டணமும் மீதியும் நுழைவாயிலில் தெரியாதே என்று மக்கள் கேட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் முடிவு மாறியது. என் மனைவியின் ஈஸிலிங்க் அட்டை இன்னும் அதேதான்; மீதியைப் பார்க்காமல் அவர் உள்ளே போகமாட்டார்.

பிள்ளைகளிடம் கேளுங்கள், ஆனால் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் சொல்லட்டும், உங்கள் விரல் தொடட்டும். “மெதுவாச் சொல்லுப்பா, எழுதிக்கிறேன்” என்பேன். நான் அந்த வரியை எழுதி முடிக்கும்வரை என் மகன் காத்திருப்பான்.