கோடியாக் தீவில் மான் வேட்டை: லாட்ஜில் முதலில் கறிக் கொட்டகையைப் பற்றிக் கேளுங்கள்

அலாஸ்காவில் குடியிருப்பதால், மற்ற மாநிலங்களில் இருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது கோடியாக் தீவைப் பற்றித்தான். எந்தத் துப்பாக்கி, எந்த மாதம், எந்த லாட்ஜ் என்று ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சுட்ட மானை என்ன செய்யப் போகிறீர்கள்? அந்தத் தீவில் மற்ற எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

காரணம், கரடி. கோடியாக் தீவுக்கூட்டத்தில் சுமார் 3,500 பழுப்புக் கரடிகள் இருக்கின்றன. மானோ அங்கே பூர்வீகம் இல்லை. 1924-க்கும் 1934-க்கும் இடையில் தென்கிழக்கு அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட 25 சிட்கா கருவால் மான்களின் வம்சம்தான் இன்று தீவெங்கும் மேய்கிறது. வெடிச்சத்தம் கேட்டால் அங்கே கறி கிடைக்கும் என்று பழகிவிட்ட கரடிகளும் உண்டு.

உரிம விஷயம் சுருக்கமாக. வெளி மாநிலத்தவருக்கு வேட்டை உரிமம் 160 டாலர், மானுக்கான டேக் (சுட்ட மானில் பூட்டும் அடையாளத் தகடு) 300 டாலர். கூடவே ஹார்வெஸ்ட் டிக்கெட் (வேட்டைக் கணக்குக்கான சீட்டு) வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். எத்தனை மான் சுடலாம் என்பது மாறக்கூடியது, அந்த வருடத்து விதிமுறைப் புத்தகத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் வசிப்பவர் மான் வேட்டைக்கு கைடு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து விருந்தாளியாக வந்த மச்சானையும் வேட்டைக்குக் கூட்டிப்போக நினைத்தால், அவருக்கு உரிமம் பெற்ற கைடு கட்டாயம்.

லாட்ஜ் வைத்திருப்பவர் கைடா, ட்ரான்ஸ்போர்ட்டரா என்பதையும் கேட்டுவிடுங்கள். ட்ரான்ஸ்போர்ட்டர் என்றால் காலையில் படகில் கொண்டுபோய்க் கரையில் இறக்கிவிடுவார், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வார். கூட நடந்து மானைக் காட்ட அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. காடு பழகியவர்களுக்கு இதுவே போதும், செலவும் குறைவு.

சீசன் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை. ஆகஸ்டில் மான் மலையுச்சியில் இருக்கும், ஏறி இறங்கவே உயிர் போய்விடும். என் தேர்வு நவம்பர் நடுப்பகுதி. இணைசேரும் காலம் என்பதால் ஆண் மான்கள் எச்சரிக்கை மறந்து திரியும், பனி விழுந்தால் கடற்கரை வரைக்கும் இறங்கி வரும். ஆனால் பகல் சுமார் 8 மணி நேரம்தான். கரடிகள் எல்லாம் குகைக்குள் போயிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், பெரிய ஆண் கரடிகள் கடைசியில்தான் அடங்கும்.

அங்கரேஜிலிருந்து கோடியாக் நகருக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து லார்சன் பே, ஓல்ட் ஹார்பர் கிராமங்களின் பக்கத்து லாட்ஜ்களுக்குச் சின்ன விமானம். காற்றோ மூடுபனியோ வந்தால் அது கிளம்பாது, பைலட்டை அவசரப்படுத்தவும் கூடாது. போகும்போதும் வரும்போதும் இரண்டிரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். கரடியை விரட்டும் ஸ்ப்ரேயைப் பெரிய விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கோடியாக் நகரில் வாங்கி, சின்ன விமானத்தின் பைலட்டிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

லாட்ஜுக்குப் போன் போட்டால் சாப்பாடு, மெத்தை எல்லாம் அப்புறம். கறி தொங்கவிடக் கூரை போட்ட, காற்று ஊடாடும் கொட்டகை இருக்கிறதா? அதைச் சுற்றி மின்வேலி உண்டா? ஃப்ரீசரும் வேக்கூம் பேக் செய்யும் மெஷினும் இருக்கின்றனவா? நனைந்த பூட்ஸ் காய ஹீட்டர் அறை உண்டா? தயங்காமல் பதில் சொல்லும் ஆளிடம் முன்பணம் கட்டுங்கள்.

இனி கரையில். பொழுது சாயக் கொஞ்ச நேரமே இருக்கும்போது சுடாதீர்கள், எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும். வளர்ந்த ஆண் மான் சுமார் 55 கிலோ. இரண்டு பேராகவே போங்கள். ஒருவர் கத்தி பிடிக்கும்போது மற்றவர் துப்பாக்கியோடு நின்று புதரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேச்சுச் சத்தம் இருக்கட்டும்.

நான் வயிற்றைக் கிழிப்பதில்லை. மானை ஒருக்களித்துப் போட்டு முதுகெலும்பு நெடுகத் தோலைக் கீறி விலா வரை உரிப்பேன். முன்சப்பைக்கு எலும்பு மூட்டே கிடையாது, காலைத் தூக்கிப் பிடித்துக் கத்தியை அடியில் ஓட்டினால் தானாகக் கழன்று வரும். பின்சப்பையில் பந்துக்கிண்ண மூட்டைத் தேடி அதன் தசைநாரை வெட்ட வேண்டும். முதுகுக்கறி, கழுத்து, விலாக்கறி எடுத்தபின் மறுபக்கம் திருப்பி அதே வேலை. குடல் கடைசிவரை உள்ளேயே இருப்பதால் கறி அழுக்காகாது, வாடையும் குறைவு. இந்தக் கறி அத்தனையும் காட்டிலிருந்து கொண்டுவந்தாக வேண்டும் என்பது அலாஸ்கா சட்டம். கறி வருமுன் கொம்பை மட்டும் தூக்கி வருவதும் குற்றம்.

ஒரே நடையில் சுமக்க முடியாவிட்டால், மிச்சத்தைத் துணிப்பையில் கட்டி, எலும்புக்கூடு கிடக்கும் இடத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, தூரத்திலிருந்தே தெரிகிற வெட்டவெளியில் வையுங்கள். திரும்பும்போது மேட்டில் நின்று பைனாகுலரில் பார்த்த பிறகே இறங்குங்கள். கரடி உட்கார்ந்திருந்தால் அந்தக் கறி அதற்குத்தான், சத்தமில்லாமல் விலகி வந்துவிடுங்கள்.

ஊர் திரும்பும் முந்தின நாளே கறி கல்லாக உறைந்திருக்க வேண்டும். மெழுகு அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் சுற்றி, பெயர் எழுதி, லக்கேஜாகவே போட்டுவிடலாம். வீடு வந்ததும் ஹார்வெஸ்ட் ரிப்போர்ட்டை ஆன்லைனில் அனுப்புங்கள். மானே கிடைக்காவிட்டாலும், வேட்டைக்கே போகாவிட்டாலும், டிக்கெட் வாங்கியிருந்தால் அனுப்பியே ஆக வேண்டும்.