மரக் கேபினுக்கு எந்தத் தீயணைப்பான் வாங்குவது?

மரக் கேபினில் சுவரும் கூரையும்கூட விறகுதான். தீயணைப்பு வண்டி வந்து சேரவும் நேரமாகும். அதுவரை கையில் இருக்கும் தீயணைப்பான் சிலிண்டர்தான் துணை, அதனால் அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

படி 1: எது எரியும் என்று பாருங்கள்

உள்ளே ஒரு சுற்று நடந்து குறித்துக்கொள்ளுங்கள். மரம், மெத்தை, திரைச்சீலை எல்லாம் 'ஏ' வகை. மண்ணெண்ணெய், பெட்ரோல் 'பி' வகை. 'சி'யில்தான் குழப்பம்: அமெரிக்காவில் அது மின்சாதனத் தீ, ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் எரிவாயுத் தீ. எனவே எழுத்தை மட்டும் நம்பாமல், மின்சாதனத்தின் மேல் அடிக்கலாமா என்று லேபிளில் தேடிப் பாருங்கள்.

படி 2: உள்ளே என்ன இருக்க வேண்டும்

என் தேர்வு ஏபிசி உலர் பவுடர். மரம், எண்ணெய், மின்சாரம் மூன்றுக்கும் ஒன்றே போதும். குறையும் உண்டு. சின்ன அறையில் அடித்தால் கண்ணை மறைக்கும் வெண்புகை. மறுநாள் எல்லா இடுக்கிலும் பவுடர்.

"கார்பன் டை ஆக்சைடு சுத்தமாச்சே?" என்று கேட்பீர்கள். சுத்தம்தான். ஆனால் எரிந்த மரத்தின் கங்கு குளிராது, வாயு கலைந்ததும் மறுபடி பற்றும். மூடிய சின்ன அறையில் மூச்சும் முட்டும். தண்ணீர் வகை மரத்துக்கு நல்லது. குளிரில் பூட்டிவிட்டுப் போகும் கேபின் என்றால் உள்ளேயே உறைந்துவிடும். எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று சிலிண்டரிலேயே அச்சிட்டிருப்பார்கள், அதைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

வாணலி எண்ணெய் பற்றினால் அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டராக விரியும். எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி அடிக்கும்.

படி 3: அளவு

1 கிலோ சிலிண்டர் காருக்குச் சரி. அழுத்தினால் சில விநாடிகளில் காலி. கேபினுக்கு 4 கிலோவாவது வேண்டும். ஆனால் வீட்டில் யார் யார் இருப்பார்களோ, அவர்கள் எல்லாரும் கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பார்க்கட்டும். தூக்க முடியாத 6 கிலோவைவிடத் தூக்க முடிகிற 4 கிலோ மேல்.

படி 4: மாட்டும் இடம்

வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில். அடுப்புக்கு மேலே மாட்டினால், தீயைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டிவரும். படுக்கை மாடியில் இருந்தால் அங்கேயும் ஒன்று.

படி 5: பழகிக்கொள்ளுங்கள்

பின்னை உருவி, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசுங்கள். கதவு உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். தீ கூரையைத் தொட்டுவிட்டால் சிலிண்டரைப் போட்டுவிட்டு வெளியே ஓடுங்கள்.

மாதம் ஒருமுறை சிலிண்டரின் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே இருக்காது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு விநாடி அடித்துப் பார்த்தாலும் ரீஃபில் செய்தே ஆக வேண்டும்: வால்வில் சிக்கிய பவுடர் வழியாக அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும்.