சிங்கப்பூரில் நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தை மாற்றுவது எப்படி?

திருச்சியில் ஒன்பது ஆண்டுகள் கார் ஓட்டியவன் நான். சிங்கப்பூரில் உரிமம் வாங்க எழுதிய, சாலை விதிகளைக் கேட்கும் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் முதல் முறை தவறிவிட்டேன். 50 கேள்விகளில் 43 சரி. தேறுவதற்கு 45 வேண்டும். தேர்வு மையம் இருக்கும் உபி என்ற பகுதியில் இருந்து எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது எந்தெந்தக் கேள்விகளில் சறுக்கினேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். விதி தெரியாமல் விட்டவை ஒன்றிரண்டுதான். மற்றவற்றில் எல்லாம் ஊர்ப் பழக்கம்தான் பதில் சொல்லியிருந்தது.

அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். தாள் வேலைகளைப் பொறுத்தவரை உரிமம் மாற்றுவது எளிது. வெளிநாட்டுக் கார் உரிமம் கையில் இருந்தால் இங்கே மறுபடியும் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை, கோட்பாட்டுத் தேர்வு ஒன்றில் தேறினால் போதும். ஆனால் அந்த ஒன்றைப் பலர் மிக லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கே நான் சொல்வது கார் உரிமத்துக்கு மட்டும். மோட்டார் சைக்கிளுக்கும் கனரக வாகனத்துக்கும் விதிகள் வேறு. ஓட்டுநர் வேலைக்கென்றே வொர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்னும் வேலை அனுமதிகளில் வந்தவர்களுக்குக் கால அளவு இன்னும் குறைவு. அவர்கள் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு உடனே தொடங்க வேண்டும்.

முதல் படி: உங்கள் கெடு எது என்று கணக்கிடுங்கள்

வேலை அனுமதியிலோ, குடும்பத்தினருக்கான டிபெண்டன்ட் பாஸிலோ வந்திருப்பவர்கள் ஊர் உரிமத்தை வைத்துக்கொண்டு 12 மாதங்கள் வரை கார் ஓட்டலாம். இந்திய, இலங்கை உரிமம் வைத்திருப்போரிடம் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் இருக்க வேண்டும். இந்தியாவில் இதை உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும், ஓராண்டு செல்லும். கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். மலேசியா போன்ற ஆசியான் நாட்டு உரிமத்துக்கு அது தேவையில்லை. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்கினால் சிங்கப்பூர் உரிமம் இல்லாமல் ஓட்டக் கூடாது.

நிரந்தரவாசத் தகுதி கிடைத்துவிட்டால் கணக்கு மாறிவிடும். அந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் ஊர் உரிமம் செல்லும். 'எனக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறதே' என்று பழைய கணக்கிலேயே இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிரந்தரவாசக் கடிதம் வந்த மகிழ்ச்சியில் இது நினைவுக்கு வராது. குடும்பத்தில் யாராவது ஒருவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கெடு தாண்டி ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகவே பொருள். முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைகொடுக்காது. பிழைக்க வந்த இடத்தில் இந்த ஆபத்தை யாரும் தேடிக்கொள்ள வேண்டாம்.

வந்து இறங்கிய இரண்டாம் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. தேர்வுக்கு இடம் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஒருமுறை தவறினால் மறுபடியும் அதே வரிசைதான். பதினோராம் மாதத்தில் தொடங்கியவருக்கு இரண்டாம் வாய்ப்பு என்பதே இருக்காது.

இரண்டாம் படி: பெயரைப் பாருங்கள்

தமிழர்களான நமக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. என் உரிமத்தில் என் பெயரும் அப்பாவின் தலைப்பெழுத்தும் இருந்தன. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுவதும் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அச்சாகியிருந்தது. வேலை அனுமதி அட்டை கடவுச்சீட்டைப் பார்த்து அச்சடிக்கப்படுவது. ஆக, நம் கண்ணுக்கு ஒரே ஆளாகத் தெரிபவர், அட்டைகளை ஒப்பிடும் அதிகாரியின் கண்ணுக்கு இரண்டு பேர்.

இந்தியக் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பெயர் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தையும் படி எடுத்துச் சேர்த்து அனுப்பினேன், தலைப்பெழுத்து யாருடையது என்பது தெளிவாகிவிட்டது. நீங்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறீர்கள் என்றால் இன்னும் நல்லது. உரிமத்தில் இருக்கும் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி திருத்தி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இங்கிருந்துகொண்டு அதைச் செய்வது பெரும்பாடு.

கூடவே உரிமத்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள். செல்லுபடியாகும் உரிமத்தைத்தான் மாற்ற முடியும். கைப்பேசியில் இருக்கும் மின்பதிப்பை நம்பாமல் அசல் அட்டையைக் கொண்டுவாருங்கள். உரிமம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு தேவைப்படும்.

மூன்றாம் படி: தேர்வுக்குப் பதிவு

தேர்வு நடக்கும் இடங்கள் மூன்று: புக்கிட் பாத்தோக்கில் ஒன்று, உபியில் ஒன்று, உட்லண்ட்ஸில் ஒன்று. மூன்றும் ஓட்டுநர் பயிற்சி மையங்கள். வீட்டுக்கு அருகில் எது என்று பார்ப்பதைவிட எங்கே சீக்கிரம் தேதி கிடைக்கிறது என்று பாருங்கள். பதிவு செய்வதற்கு முன் அரசின் இணையச் சேவைகளில் நுழைய உதவும் சிங்பாஸ் கணக்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். தேர்வை எந்த மொழியில் எழுதலாம் என்பதையும் பதிவின்போதே மையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: படிப்பதைவிட மறப்பது

தேர்வு 45 நிமிடம். தொடுதிரையில் கேள்வி வரும், பலவற்றுக்குப் படமும் வரும். நான்கைந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் மூன்றுதான். படிக்க வேண்டிய கையேடு ஒன்றே ஒன்று: போக்குவரத்துக் காவல்துறையின் அடிப்படைக் கோட்பாட்டுக் கையேடு. அதை இரண்டு முறை முழுதாக வாசியுங்கள். மாதிரித் தேர்வுகளை மட்டும் மனப்பாடம் செய்தால், கேள்வியின் ஒரு சொல் மாறினாலும் தடுமாறுவீர்கள்.

நான் விழுந்த இடங்களைச் சொல்கிறேன். நம்மவர்கள் பெரும்பாலும் விழுவது இங்கேதான்.

யூ-டர்ன். நம் ஊரில் 'திரும்பாதே' என்ற பலகை இல்லாவிட்டால் திரும்பலாம். இங்கே 'திரும்பலாம்' என்ற பலகை இருந்தால் மட்டுமே திரும்பலாம். பலகையே இல்லாத சந்திப்பின் படத்தைக் காட்டி, இங்கே யூ-டர்ன் எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஒன்பது ஆண்டுப் பழக்கம் 'எடுக்கலாம்' என்று சொல்லும்.

இடப்பக்கம் திரும்புதல். சென்னையில் 'ஃப்ரீ லெஃப்ட்' என்று சொல்லி சிவப்பு விளக்கிலும் வழுக்கிக்கொண்டு போவோம். இங்கே சிவப்பு என்றால் இடப்பக்கத்துக்கும் சிவப்புதான். சிவப்பில் இடப்பக்கம் திரும்பலாம் என்று பலகை வைத்திருக்கும் சந்திப்பில் மட்டும், முதலில் முழுதாக நிறுத்தி, நடப்போருக்கும் மற்ற வாகனங்களுக்கும் வழிவிட்டுப் பிறகு திரும்பலாம்.

வட்டப் பச்சை விளக்கில் வலப்பக்கம் திரும்புதல். பச்சை அம்பு எரிந்தால் அது உங்களுக்கான நேரம். வெறும் வட்டப் பச்சை என்றால் எதிரே நேராக வருபவருக்கும், நீங்கள் திரும்பும் சாலையைக் கடந்து நடப்பவருக்கும்தான் முன்னுரிமை. எதிர் வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பவரை மறந்துவிடுகிறோம். தேர்வுக்காக மட்டும் அல்ல, வாழ்நாளுக்காகவும் இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கோடுகள். நடைபாதை ஓரமாக ஒற்றை மஞ்சள் கோடு இருந்தால் காலை 7 முதல் இரவு 7 வரை வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது, ஞாயிறும் பொது விடுமுறையும் விலக்கு. இரட்டைக் கோடு என்றால் எந்நேரமும் கூடாது. இந்த இரண்டிலும் ஆளை ஏற்றி இறக்கிவிட்டு உடனே நகரலாம். வளைந்து வளைந்து போகும் இரட்டைக் கோட்டில் அதுவும் முடியாது, நிற்கவே கூடாது.

எனக்கு இந்தக் கோடுகள் புத்தகத்தில் ஏறவே இல்லை. இரண்டாம் முறைக்கு முன் அறைத்தோழரும் நானும் இரவுச் சாப்பாடு முடித்து ஃபேரர் பார்க்கிலிருந்து தேக்கா வரை சிராங்கூன் சாலை ஓரமாக நடந்தோம். ஒவ்வொரு பலகை வரும்போதும் நின்று, அது என்ன சொல்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். சிவப்பு வட்டம் என்றால் தடை, நீல வட்டம் என்றால் கட்டாயம், சிவப்பு முக்கோணம் என்றால் எச்சரிக்கை. பேருந்துத் தடத்தின் நேரம் என்ன, அந்தக் கோட்டில் டாக்சி நின்றது சரியா, கிளைச் சாலையில் இருந்து வருபவர் யாருக்கு வழிவிட வேண்டும். இப்படி நான்கு இரவுகள். இரண்டாம் முறை தேர்வில் கோட்டுப் படம் வந்தபோது எனக்குத் திரை தெரியவில்லை, பூக்கடைக்கு முன்னால் இருந்த அந்த ஓரம்தான் தெரிந்தது.

எண்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். வேறு வேகம் எழுதப்படாத சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர்தான் உச்சம். இரவு 7 முதல் காலை 7 வரை விளக்குகள் எரிய வேண்டும். 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை ஏற்பாடு வேண்டும். 24 மாதங்களில் 24 குற்றப்புள்ளி சேர்ந்தால் உரிமம் நிறுத்தி வைக்கப்படும். சுற்றுச்சந்தியில் வலப்பக்கம் இருந்து வருபவருக்கு வழி.

கேள்வியை நிதானமாகப் படியுங்கள். 'சரியானது எது' என்று கேட்டிருக்கிறார்களா 'தவறானது எது' என்று கேட்டிருக்கிறார்களா என்பதில் எனக்கு ஒரு மதிப்பெண் போயிற்று. நேரம் போதுமான அளவு இருக்கிறது.

தேர்வு நாளில் அசல் அடையாள அட்டையோடு அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள். முடித்தவுடன் முடிவு திரையிலேயே வந்துவிடும்.

ஐந்தாம் படி: விண்ணப்பம்

தேறிய பிறகு காவல்துறையின் இணையச் சேவையில் சிங்பாஸ் வழியாக நுழைந்து உரிமத்தை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். உரிமத்தின் இரு பக்கங்கள், கடவுச்சீட்டு, அனுமதி அட்டை, புகைப்படம் ஆகியவற்றைத் தெளிவாகப் படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 50 வெள்ளி. அசலைக் கேட்டால் போக வேண்டியது உபி அவென்யூ 3-இல் இருக்கும் போக்குவரத்துக் காவல்துறைத் தலைமையகம்.

கையில் வரும் உரிமத்தின் வகுப்பைப் பாருங்கள். வெளிநாட்டுக் கார் உரிமத்தை மாற்றினால் கிடைப்பது வகுப்பு 3சி, ஆட்டோ கியர் மட்டும் என்றால் 3சிஏ. இதில் கார் ஓட்டலாம், சரக்கு வண்டி ஓட்டக் கூடாது. பக்கத்து அறையில் இருந்த தஞ்சாவூர் அண்ணன் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, கம்பெனியில் சின்ன வேன்தான் கொடுக்கிறார்கள். அதுவும் கார் போலத்தானே?" உரிமத்தை வாங்கிப் பார்த்தேன், 3சி. "அண்ணே, இதை வைத்துக்கொண்டு சரக்கு வேனைத் தொடாதீர்கள்" என்றேன். அவர் மறுநாளே மேலாளரிடம் சொல்லிவிட்டார், பிறகு முறைப்படி வகுப்பு 3-க்குப் படித்துச் செய்முறைத் தேர்வும் எழுதினார். மேலாளர் சாவியைக் கொடுத்தார் என்பதற்காக ஓட்டினால் வழக்கு ஓட்டியவர் மேல்தான் வரும்.

வெளிநாட்டவர்களுக்கு உரிமம் ஐந்தாண்டுக்கு வரும், பிறகு புதுப்பிக்க வேண்டும். சிங்பாஸ் செயலியிலேயே உரிமத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஊர் உரிமத்தை எறிந்துவிடாதீர்கள். பொங்கலுக்குப் போகும்போது அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக அதுதான் வேண்டும். இந்திய உரிமம் காலாவதியாகி ஓர் ஆண்டைத் தாண்டிவிட்டால் அங்கே மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டிவரும். அதன் தேதியையும் அதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.